கிளி எடுக்கும் சீட்டு: எளிய சாட்பாட் ஒன்று எப்படிப் பதில் சொல்கிறது?

இணையக் கடையில் வாங்கிய பொருள் வந்து சேரவில்லை என்று கேட்கப் போனாலும், வங்கிக் கணக்கில் ஏதோ சந்தேகம் என்று போனாலும், இப்போதெல்லாம் திரையின் ஓரத்தில் ஒரு சிறிய கட்டம் திறந்து, "வணக்கம், உங்களுக்கு என்ன உதவி வேண்டும்?" என்று கேட்கிறது. அந்தக் கட்டத்துக்குள் இருப்பதைச் சாட்பாட் என்கிறோம். அதைப் பற்றிய பேச்சில் மூன்று கூற்றுகள் திரும்பத் திரும்பக் காதில் விழுகின்றன. கணினி நாம் சொல்வதைப் புரிந்துகொண்டு யோசித்துப் பதில் சொல்கிறது என்பது ஒன்று. பேசப் பேச அது நம்மிடமிருந்து கற்றுக்கொண்டே இருக்கிறது என்பது இன்னொன்று. இப்படி ஒன்றைச் செய்வதற்குப் பெரிய நிறுவனமும் பெரும் பணமும் வேண்டும் என்பது மூன்றாவது. எளிய சாட்பாட்டைப் பொறுத்தவரை இந்த மூன்றுமே தவறு.

ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் அக்கா மகள் சென்ற கோடை விடுமுறையில் தமிழில் பேசும் ஒரு சிறிய சாட்பாட்டைத் தானாகவே எழுதினாள். அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அது எங்கெங்கே தடுக்கி விழுந்தது, எப்படி எழுந்து நின்றது என்பதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தேன். இதன் உள்ளே நடப்பது என்ன என்பதை அந்த வயதுப் பிள்ளைகளுக்கும், அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று அறிய விரும்பும் பெற்றோருக்கும் புரியும்படி சொல்லிவிட வேண்டும் என்ற எண்ணத்தில் இதை எழுதுகிறேன்.

கிளியும் சீட்டும்

கிளி ஜோசியக்காரர் கூண்டைத் திறந்ததும் கிளி வெளியே வருகிறது. அடுக்கி வைத்த சீட்டுகளை அலகால் ஒவ்வொன்றாக இழுத்துப் போடுகிறது. ஒன்றை மட்டும் எடுத்துக் கொடுத்துவிட்டு, கூலியாக நெல்மணியைக் கொத்திக்கொண்டு கூண்டுக்குள் போய்விடுகிறது. சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்பது கிளிக்குத் தெரியாது. நம் எதிர்காலத்தைப் பற்றிக் கிளி கவலைப்படுகிறது என்று அங்கே உட்கார்ந்திருக்கும் எவரும் நினைப்பதும் இல்லை. சீட்டு முன்பே எழுதப்பட்டது. எழுதியவர் ஒரு மனிதர்.

எளிய சாட்பாட்டின் பதில்களும் அந்தச் சீட்டுகளைப் போன்றவைதான். ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. கிளி நம் கேள்வியைக் காதில் வாங்குவதே இல்லை. சாட்பாட்டோ நாம் தட்டச்சு செய்த வாக்கியத்தில் தனக்குத் தெரிந்த சொல் ஏதேனும் இருக்கிறதா என்று தேடிப் பார்த்து, அந்தச் சொல்லுக்கு உரிய சீட்டை எடுக்கிறது. ஆகவே சாட்பாட் என்பது, மனிதர் தரும் வாக்கியத்தைப் பெற்று, அதற்குப் பொருத்தமான பதிலைத் திருப்பித் தரும் நிரல் என்று வைத்துக்கொள்ளலாம். நிரல் என்பது கணினி வரிசையாகச் செய்ய வேண்டிய கட்டளைகளின் தொகுப்பு. ‘இந்தச் சொல் வந்தால் இந்தப் பதிலைச் சொல்’ என்னும் ஒவ்வொரு கட்டளையையும் விதி என்போம்.

1966இல் ஒரு பெண் பெயர்

இந்த முறையில் அமைந்த சாட்பாட்டுகளுக்கெல்லாம் மூத்தது எலிசா. அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்வி நிறுவனத்தில் பணியாற்றிய ஜோசப் வைசன்பாம் அதை உருவாக்கி, அது இயங்கும் விதத்தை 1966 ஜனவரியில் ஒரு கட்டுரையாக வெளியிட்டார். எலிசா இயங்கியது ஐ.பி.எம். 7094 என்னும் பெரிய கணினியில். அதற்கு அவர் எழுதிக் கொடுத்த விதித்தொகுப்புகளில் பெயர் பெற்றது ‘டாக்டர்’ என்பது. அது ஒரு வகை மனநல மருத்துவரைப் போலப் பேசும். தேர்வு காரணத்தோடு செய்யப்பட்டது. வந்தவர் சொல்வதையே சற்று மாற்றிக் கேள்வியாகத் திருப்பிக் கேட்பது அத்தகைய மருத்துவரின் வழக்கம் என்பதால், உலக அறிவு எதுவும் இல்லாத ஒரு நிரல்கூட அந்த வேடத்தில் இயல்பாகப் பேச முடிந்தது.

எலிசா நிரலும் அதன் விதித்தொகுப்பும் தனித்தனியாக இருந்தன. நிரல் அப்படியே இருக்க, விதிகளை மட்டும் மாற்றினால் அது வேறொரு வேடத்தில், வேறொரு மொழியில் பேசும். ஆங்கிலம் தவிர வெல்ஷ் மொழியிலும் ஜெர்மன் மொழியிலும் விதித்தொகுப்புகள் இருப்பதாக வைசன்பாம் அப்போதே எழுதியிருக்கிறார். தமிழில் ஒன்றை எழுத விரும்பும் பிள்ளை, புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. அறுபது ஆண்டுகளாகத் திறந்திருக்கும் கதவுதான் இது. 1977இல் ‘கிரியேட்டிவ் கம்ப்யூட்டிங்’ என்னும் அமெரிக்க இதழ், பேசிக் (BASIC) என்னும் நிரல்மொழியில் எழுதப்பட்ட சிறிய எலிசா ஒன்றை வெளியிட்டது. ஓர் இதழின் சில பக்கங்களில் அடங்கிவிடும் அளவுதான் அந்த நிரல்.

வைசன்பாம் எதிர்பாராதது ஒன்று நடந்தது. எலிசாவை அவர் பல மாதங்கள் எழுதிக்கொண்டிருந்ததைப் பக்கத்திலிருந்து பார்த்தவர் அவருடைய செயலர். அது வெறும் நிரல் என்று நன்றாகத் தெரிந்த அவரே, அதனோடு சிறிது நேரம் தட்டச்சில் பேசியதும், தம்மைத் தனியாக விட்டு அறையிலிருந்து வெளியே போகும்படி வைசன்பாமைக் கேட்டுக்கொண்டார். இயந்திரம் தரும் சொற்களுக்குப் பின்னால் ஒரு மனம் இருப்பதாக நாமாகவே எண்ணிக்கொள்ளும் இந்த இயல்புக்கு ‘எலிசா விளைவு’ என்ற பெயர் நிலைத்துவிட்டது.

இதை நான் எங்கள் வீட்டுக் கூடத்திலேயே பார்த்தேன். அக்கா மகள் தன் சாட்பாட்டை அவளுடைய அம்மாச்சிக்குக் காட்டினாள். அம்மாச்சி சொல்லச் சொல்ல இவள் தட்டச்சு செய்தாள். "முழங்கால் வலிக்குது" என்றதும் திரையில், "எவ்வளவு நாளாக வலிக்கிறது?" என்று வந்தது. அம்மாச்சி சிறிது நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "நம்ம வீட்டுல யாரும் இதைக் கேக்கல. இது கேக்குது பாரேன்" என்றார். அதற்கு அவள், "அம்மாச்சி, அந்தக் கேள்வியை எழுதி வெச்சதே நான்தான்" என்றாள். சாட்பாட்டைப் பற்றி இதைவிடத் துல்லியமான விளக்கத்தை நான் கேட்டதில்லை.

இதுவரை சொன்னதைச் சுருக்கிக் கொள்வோம். எளிய சாட்பாட்டின் பதில்கள் மனிதரால் முன்பே எழுதப்பட்டவை. எந்தச் சூழலில் எந்தப் பதிலை எடுப்பது என்று தீர்மானிக்கும் விதிகளும் மனிதர் எழுதியவையே. தேடுவதும் எடுத்துக் கொடுப்பதும் மட்டும் கணினியின் வேலை.

ஒரு வாக்கியம் உள்ளே போனால்

அக்கா மகளின் சாட்பாட்டிடம் ஒருவர், "நாளைக்குக் கணக்குப் பரீட்சை, ரொம்பப் பயமா இருக்கு!!" என்று எழுதுவதாகக் கொள்வோம். முதலில் நிரல் இந்த வாக்கியத்திலிருந்து வியப்புக்குறிகளையும் காற்புள்ளியையும் மிகையான இடைவெளிகளையும் நீக்குகிறது. அரிசியைக் களைந்து கல் பொறுக்குவது போன்ற இந்த வேலைக்குச் சீராக்கம் என்று பெயர். இதைச் செய்யாவிட்டால், ‘பரீட்சை’ என்பதும் ‘பரீட்சை,’ என்பதும் கணினிக்கு இரண்டு வெவ்வேறு சொற்களாகத் தோன்றும்.

அடுத்து, விதிகளில் உள்ள சொற்களில் எவை இந்த வாக்கியத்தில் இருக்கின்றன என்று பார்க்கிறது. ஒரு விதியைத் திறந்துவிடும் சொல்லைத் திறவுச்சொல் என்போம். இங்கே இரண்டு கிடைக்கின்றன: பரீட்சை, பயம். எதற்குப் பதில் சொல்வது? இங்கேதான் விதியை எழுதுபவரின் கரிசனம் வெளிப்படுகிறது. ஒவ்வொரு திறவுச்சொல்லுக்கும் முக்கியத்துவத்தைக் காட்டும் ஓர் எண் தரப்பட்டிருக்கும். பெரிய எண் உடைய சொல் வெல்லும். எலிசாவின் ‘டாக்டர்’ தொகுப்பில் ‘கணினி’ என்ற சொல்லுக்கு 50 என்னும் மிக உயர்ந்த எண்ணை வைசன்பாம் கொடுத்திருந்தார். கணினியின் முன் உட்கார்ந்திருப்பவர் கணினியைப் பற்றிப் பேச்செடுத்தால் வேறு எதையும்விட அதையே முதலில் கேட்க வேண்டும் என்று அவர் கருதியிருக்கிறார். எங்கள் வீட்டுச் சாட்பாட்டில் பரீட்சைக்கு 5, பயத்துக்கு 10. பரீட்சையைப் பற்றி எல்லோரும்தான் கேட்பார்கள், பயத்தைப் பற்றி யாராவது ஒருவர் கேட்க வேண்டும் என்பது அவள் சொன்ன காரணம்.

வென்ற திறவுச்சொல்லின் கீழ் மூன்று நான்கு பதில்கள் எழுதப்பட்டிருக்கும். நிரல் அவற்றை முறை வைத்து ஒவ்வொன்றாகச் சொல்லும். ஒரே பதிலை இரண்டு முறை கேட்டால் பேசுபவர் சலித்துவிடுவார் என்பதற்காகச் செய்யும் ஏற்பாடு இது. அவ்வளவுதான், ஒரு சுற்று முடிந்தது. நிரல் அடுத்த வாக்கியத்துக்காகக் காத்திருக்கிறது.

தமிழ்ச் சொல்லைத் தேடுவது எளிதல்ல

மேலே ‘திறவுச்சொல் இருக்கிறதா என்று பார்க்கிறது’ என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். தமிழில் எழுதும் பிள்ளைக்கு விடுமுறையின் பெரும்பகுதி இந்த ஓர் இடத்தில்தான் கழியும். ஆங்கில வழிகாட்டிகள் இதைப் பற்றிப் பேசுவதே இல்லை என்பதால் இங்கே சற்று நின்று பார்ப்போம்.

அக்கா மகள் ‘கால்’ என்று ஒரு திறவுச்சொல் வைத்திருந்தாள். "காலில் அடிபட்டது" என்று எழுதிப் பார்த்தாள். சாட்பாட் அதைக் கண்டுகொள்ளவில்லை. "மாமா, நான் ஒரு தப்பும் பண்ணலையே, ஏன் இதுக்குத் தெரிய மாட்டேங்குது?" என்று கேட்டாள். அவள் தவறு எதுவும் செய்யவில்லை என்பது உண்மைதான். கணினி தமிழை நாம் படிப்பதைப் போலப் படிப்பதில்லை.

உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் எண் கொடுத்துவைத்திருக்கும் பொதுப் பட்டியலுக்கு ஒருங்குறி என்று பெயர். அதில் தமிழுக்கு 128 இடங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. 216 உயிர்மெய் எழுத்துகளுக்கும் தனித்தனி எண் இல்லை. க, ச, ட போன்ற அகர உயிர்மெய்களுக்கு ஓர் எண், அவற்றோடு சேரும் துணைக்கால், கொம்பு, புள்ளி ஆகிய ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் என்று வைத்திருக்கிறார்கள். ஆகவே நாம் மூன்று எழுத்து என்று எண்ணும் ‘தமிழ்’ என்ற சொல் கணினிக்குள் ஐந்து துண்டுகளாக இருக்கிறது: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. நிரல் எழுதப் பயன்படும் பைத்தான் மொழியில் அந்தச் சொல்லின் நீளத்தைக் கேட்டால் 5 என்றுதான் விடை வரும்.

இதை வைத்துக்கொண்டு ‘கால்’ என்ற சொல்லைப் பிரித்துப் பாருங்கள்: க, துணைக்கால், ல, புள்ளி. ‘காலில்’ என்பதோ க, துணைக்கால், ல, இகரக் குறி, ல, புள்ளி. முதல் ல-வுக்கு அடுத்துப் புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் இகரக் குறி வந்துவிட்டது. ‘கால்’ என்ற நான்கு துண்டுகளும் அதே வரிசையில் ‘காலில்’ என்பதற்குள் எங்கும் இல்லை. கணினியின் கணக்கு சரிதான்.

அப்படியானால் கடைசிப் புள்ளியை விட்டுவிட்டுத் தேடலாமே என்று தோன்றும். அவளுக்கும் தோன்றியது. ‘பயம்’ என்பதைப் ‘பயம’ என்று குறுக்கியதும் ‘பயம்’, ‘பயமா’, ‘பயமாக’ எல்லாம் பிடிபட்டன. ஆனால் ‘பயந்துட்டேன்’ பிடிபடவில்லை. இன்னும் குறுக்கிப் ‘பய’ என்று வைத்தாள். உடனே, "ஊட்டிக்குப் பயணம் போகிறோம்" என்று எழுதிய தோழிக்கு, "பயப்படாதீர்கள், நான் இருக்கிறேன்" என்று பதில் போனது. ‘வீடு’ என்பது ‘வீட்டில்’ என்று மாறுவதால் ‘வீட’ என்று குறுக்கினால், ‘வீடியோ’ வந்து மாட்டிக்கொள்கிறது. ‘வலி’ என்று வைத்தால் ‘தலைவலி’ சரியாகப் பிடிபடுகிறது; "என் அண்ணன் வலிமையானவன்" என்றாலும் "எங்கே வலிக்கிறது?" என்று கேட்கிறது.

கடைசியில் அவள் வந்து சேர்ந்த வழி நடைமுறைக்கு நன்றாகவே உதவியது. ஒரு கருத்துக்கு ஒரு திறவுச்சொல் என்று வைக்காமல், அந்தச் சொல் எந்தெந்த உருவில் வரும் என்று யோசித்துச் சிறு பட்டியலாக எழுதுவதுதான் அது. ‘வீடு’, ‘வீட்ட’ என்று இரண்டையும் வைத்தால் வீட்டில், வீட்டுக்கு, வீட்டை எல்லாம் அடங்கிவிடும், வீடியோ வெளியே நின்றுவிடும். பயத்துக்குப் ‘பயம’, ‘பயந்த’, ‘பயப்பட’ என்று மூன்று. இவை சொல்லின் தொடக்கத்தில் வர வேண்டும் என்றும் ஒரு நிபந்தனை. இல்லாவிட்டால் ‘உபயம்’ என்பதிலும் பயம் அகப்படும். ‘வலி’க்கு அந்த நிபந்தனை ஒத்துவராது, முழங்கால்வலியும் பல்வலியும் சொல்லின் பின்பாதியில் வருபவை. அதற்கு மட்டும் ‘வலிமை’, ‘வலிய’ என்று விலக்க வேண்டியவற்றை எழுதி வைத்தாள்.

இன்னொரு பொறியையும் சொல்லிவிடுகிறேன், பலர் இதில் ஒரு நாள் முழுக்க இழக்கிறார்கள். வாக்கியத்தைச் சொற்களாகப் பிரிப்பதற்குப் பைத்தானில் உள்ள வடிவத் தேடல் வசதியில், ‘சொல்லில் வரும் எழுத்து’ என்று பொருள்படும் ஒரு சுருக்கக் குறியை எல்லா வழிகாட்டிகளும் பரிந்துரைக்கும். அந்தக் குறி தமிழின் புள்ளியையும் உயிர்க்குறிகளையும் எழுத்தாகவே கணக்கில் கொள்வதில்லை. அதைக் கொண்டு ‘தமிழ்’ என்ற சொல்லைப் பிரித்தால் ‘தம’, ‘ழ’ என்று இரண்டு துண்டுகள் கிடைக்கும். இடைவெளி வரும் இடத்தில் மட்டும் பிரிக்கச் சொல்வது பாதுகாப்பானது.

பேச்சு வழக்கையும் மறக்கக் கூடாது. ‘இருக்கிறது’ என்று புத்தகத்தில் படிக்கிறோம், ‘இருக்கு’ என்று எழுதுகிறோம். பரீட்சை என்பார் ஒருவர், தேர்வு என்பார் மற்றொருவர், எக்ஸாம் என்பார் மூன்றாமவர். தமிழை ஆங்கில எழுத்தில் தட்டச்சு செய்பவர்களின் வாக்கியங்களில் தமிழ்த் திறவுச்சொல் எதுவும் அகப்படாது. அவர்களுக்குத் தனி விதிகள் எழுதலாம், அல்லது தமிழில் எழுதும்படி சாட்பாட்டே பணிவாகக் கேட்டுக்கொள்ளலாம். அவள் இரண்டாவது வழியைத் தேர்ந்தெடுத்தாள்.

சுருக்கமாக: சாட்பாட் தேடுவது பொருளை அல்ல, துண்டுகளின் வரிசையை. தமிழில் சொல்லின் வால் மாறிக்கொண்டே இருப்பதால், ஒவ்வொரு திறவுச்சொல்லுக்கும் அது எடுக்கும் உருவங்களையும் விலக்க வேண்டிய சொற்களையும் எழுதி வைக்க வேண்டும்.

‘நான்’ என்பது ‘நீங்கள்’ ஆகும் இடம்

திறவுச்சொல்லும் தயார்ப் பதிலும் மட்டும் இருந்தால் சாட்பாட்டோடு பேசுவது ஐந்து நிமிடத்தில் அலுத்துவிடும். எலிசா ஆட்களை மயக்கியது வேறொரு திறமையால். பேசுபவரின் சொற்களையே எடுத்து, அவற்றைத் திருப்பி, கேள்வியாக்கி நீட்டியது. அதற்கு இரண்டு கருவிகள் வேண்டும். வாக்கியத்தின் எந்தப் பகுதி மாறாதது, எந்தப் பகுதி எதுவாகவும் இருக்கலாம் என்று குறிப்பது வடிவம். ‘நான் [ஏதோ] போகிறேன்’ என்பது ஒரு வடிவம். அந்த ‘ஏதோ’வில் சென்னைக்கு என்றும் வரலாம், கடைக்கு என்றும் வரலாம். பதிலில் அந்த ‘ஏதோ’வைப் பொருத்துவதற்குக் காலியிடம் விட்டு எழுதிய வாக்கியம் வார்ப்புரு. கல்யாணப் பத்திரிகை அச்சடிப்பவர் பெயருக்கும் தேதிக்கும் இடம் விட்டு மற்றதையெல்லாம் கோத்து வைத்திருப்பாரே, அதுதான்.

ஆளை மாற்றுவது இதில் நுட்பமான வேலை. பேசுபவரின் ‘நான்’ பதிலில் ‘நீங்கள்’ ஆக வேண்டும். ‘எனக்கு’ என்பது ‘உங்களுக்கு’, ‘என்னை’ என்பது ‘உங்களை’, ‘என்’ என்பது ‘உங்கள்’. இங்கே தமிழ் நமக்கு உதவுகிறது. ஆங்கிலத்தில் எழுவாயாக நிற்கும் ‘நீ’யும் செயப்படுபொருளாக வரும் ‘உன்னை’யும் ஒரே சொல் என்பதால், திருப்பும்போது எதை வைப்பது என்ற குழப்பம் எழும். தமிழில் வேற்றுமை உருபு ஒட்டியே வருவதால் அந்தக் குழப்பமே இல்லை.

உதவி செய்த அதே தமிழ் அடுத்த அடியில் வேலையும் வைக்கிறது. ‘என்’ என்பதை வாக்கியம் முழுவதும் ‘உங்கள்’ என்று மாற்றச் சொன்னால், ‘என்று’ என்ற சொல் ‘உங்கள்று’ ஆகிவிடும். ஆகையால் இவற்றைத் துண்டாகத் தேடாமல் முழுச் சொல்லாகத்தான் மாற்ற வேண்டும். முதலில் எல்லா ‘நான்’களையும் ‘நீங்கள்’ ஆக்கி, பிறகு எல்லா ‘நீங்கள்’களையும் ‘நான்’ ஆக்கினால், முதலில் மாற்றியவையும் திரும்பி வந்து எல்லாமே ‘நான்’ என்று நிற்கும். தொடங்குபவர் அனைவரும் செய்யும் பிழை இது. சொற்களை இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாகப் பார்த்து, ஒரு சொல்லை ஒரு முறை மட்டும் மாற்றிவிட்டு நகர்வது இதற்கு மருந்து.

வினைமுற்றும் மாற வேண்டும். போகிறேன், போனேன், போவேன் மூன்றும் போகிறீர்கள், போனீர்கள், போவீர்கள் ஆகின்றன. மூன்றிலும் ‘ஏன்’ விகுதி ‘ஈர்கள்’ ஆகிறது என்பதைக் கண்டதும் அக்கா மகளுக்குப் பெரிய மகிழ்ச்சி. மூன்று காலங்களுக்கும் ஒரே விதி போதுமே! அன்று மாலையே, "நான் தேன் சாப்பிட்டேன்" என்ற வாக்கியம், "நீங்கள் தீர்கள் சாப்பிட்டீர்கள்" என்று திரும்பி வந்தது. தேனும் அதே ஓசையில் முடிகிறது அல்லவா? அவள் அதைச் சரிசெய்த விதம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. தமிழ் வாக்கியத்தில் பயனிலை பெரும்பாலும் கடைசியில்தான் வரும் என்று இலக்கண வகுப்பில் படித்ததை நினைவுபடுத்திக்கொண்டு, கடைசிச் சொல்லில் மட்டும் விகுதியை மாற்றும்படி விதியைத் திருத்தினாள். மதிப்பெண்ணுக்காகப் படித்த எழுவாயும் பயனிலையும் அன்றுதான் அவளுக்கு வேலைக்கு உதவும் கருவிகளாயின.

உம் கொட்டுவதும் நினைவில் வைப்பதும்

எந்தத் திறவுச்சொல்லும் அகப்படவில்லை என்றால்? பாட்டி கதை சொல்லும்போது குழந்தை உம் கொட்டிக்கொண்டே இருக்க வேண்டும். உம் நின்றால் கதையும் நின்றுவிடும். சாட்பாட்டும் இந்த இடத்தில் உம் கொட்டுகிறது. "அப்படியா?", "அப்புறம் என்ன ஆயிற்று?", "அதைப் பற்றி இன்னும் சொல்லுங்கள்" போன்ற பொதுவான பதில்கள் இதற்கென்று தனியாக இருக்கும். இவை அளவாக வந்தால் கேட்பவர் கவனமாகக் கேட்பது போலத் தோன்றும். அடிக்கடி வந்தால் குட்டு உடைந்துவிடும்.

எலிசா இதற்கு ஓர் அழகான ஏற்பாடு வைத்திருந்தது. பேசுபவர் ‘என்’ என்ற சொல்லோடு சொன்ன சில வாக்கியங்களைத் தனியாக எடுத்து வைத்துக்கொள்ளும். பிறகு ஒரு நேரத்தில் சொல்ல எதுவும் கிடைக்காதபோது, அவற்றில் ஒன்றை எடுத்து, முன்பு சொன்னீர்களே, அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா என்று கேட்கும். நினைவு என்று நாம் சொல்வது இந்த நிரலில் ஒரு பட்டியல் மட்டுமே. மளிகைக் கடைக்காரர் சீட்டில் குறித்துக் கம்பியில் குத்தி வைப்பதைப் போன்றது. ஆனாலும் அரை மணி முன்பு சொன்னதை ஒருவர் நினைவில் வைத்துக் கேட்டால் நம் மனம் எப்படி நெகிழுமோ, அப்படியே இதற்கும் நெகிழ்ந்துவிடுகிறது.

அது கற்றுக்கொள்கிறதா?

இந்த வகைச் சாட்பாட் எதையும் கற்றுக்கொள்வதில்லை. ஆயிரம் பேர் பேசிய பிறகும் அதன் விதிகள் முதல் நாள் இருந்தபடியே இருக்கும். எழுதியவர் உட்கார்ந்து திருத்தினால்தான் மாறும். 2022 நவம்பர் 30 அன்று வெளிவந்த சாட்ஜிபிடி போன்றவை வேறு வகை என்பதால், இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளாமல் இருப்பது நல்லது. "ஆழம் தெரியாமல்" என்று ஒருவர் தொடங்கினால் "காலை விடாதே" என்று நம் வாய் தானாகவே முடிக்கிறது. பலமுறை கேட்டதால் அடுத்து வரக்கூடிய சொல் எது என்பது நமக்குப் பழகிவிட்டது. மிகப் பெரிய அளவிலான எழுத்துகளைக் கொண்டு, இதுவரை வந்த சொற்களுக்கு அடுத்து எது வரக்கூடும் என்று கணிக்கப் பயிற்றுவிக்கப்பட்ட நிரலைப் பெருமொழி மாதிரி என்கிறார்கள். அதனிடம் தயார்ச் சீட்டுகள் இல்லை. பதிலைத் துண்டு துண்டாக அப்போதே கோக்கிறது. அதன் கற்றல் நடப்பது பயிற்சிக் காலத்தில். நாம் பேசிக்கொண்டிருக்கும்போது முன்பு சொன்னதை அது நினைவில் வைத்திருப்பது போலத் தோன்றுவதற்குக் காரணம், அதுவரையான உரையாடலும் ஒவ்வொரு முறையும் சேர்த்தே அதற்குக் கொடுக்கப்படுவதுதான்.

பிள்ளைகள் விதிவழிச் சாட்பாட்டில் தொடங்குவதே நல்லது என்று நான் உறுதியாக நம்புகிறேன். அதில் தவறான பதில் ஒன்று வந்தால், அது எந்த விதியிலிருந்து வந்தது என்று விரல் வைத்துக் காட்ட முடியும். பெருமொழி மாதிரியில் அதை உருவாக்கியவர்களாலேயே அவ்வளவு எளிதாகக் காட்ட முடியாது.

எழுதத் தொடங்கும்போது

வீட்டில் உள்ள பழைய மடிக்கணினியும், இலவசமாகக் கிடைக்கும் பைத்தானும் போதும். இணைய இணைப்புகூட எப்போதும் தேவையில்லை. முதல் நாள் மூன்று விதிகளும் ஒரு ‘அப்படியா?’வும் எழுதி இயக்கிப் பாருங்கள். ஐம்பது விதிகளை எழுதிய பிறகு இயக்கினால், பிழை எங்கே என்று தேடுவது பெரும்பாடாகிவிடும். விதிகளை நிரலின் நடுவே கலக்காமல் தனிக் கோப்பில் வையுங்கள். வைசன்பாம் செய்ததும் அதுதான். பதில்களை எழுதும்போது மருந்து சொல்லாதீர்கள். வலி, பயம், அழுகை என்று வரும் இடங்களில், கேட்டுவிட்டு, வீட்டில் பெரியவர்கள் யாரிடமாவது சொல்லும்படி ஒரு வரி சேர்த்துவிடுங்கள். எதிரே உண்மையாகவே வருந்தும் ஒருவர் இருக்கலாம்.

இன்னொன்று கட்டாயம் வேண்டும். எந்த விதியும் பொருந்தாமல் ‘அப்படியா?’ என்று நழுவிய ஒவ்வொரு வாக்கியத்தையும் ஒரு கோப்பில் எழுதி வைக்கும்படி நிரலுக்குச் சொல்லிவிடுங்கள்; யார் எழுதியது என்ற பெயர் வேண்டாம், வாக்கியம் மட்டும் போதும். அடுத்து எந்த விதியை எழுதுவது என்பதை அந்தக் கோப்பு சொல்லும். பேசிப் பார்ப்பவர்களிடம் இப்படிச் சேமிக்கிறோம் என்பதை முன்பே சொல்லிவிட வேண்டும்.

அக்கா மகள் முதல் வார முடிவில் அந்தக் கோப்பைத் திறந்தாள். பரீட்சை, பயம், வலி, தனிமை என்று அவள் கவனமாக யோசித்து விதிகள் எழுதியிருந்தாள். வீட்டாரும் தோழிகளும் அதிகமாகக் கேட்டிருந்த வாக்கியம் அவற்றில் எதிலும் சேரவில்லை. "சாப்பிட்டியா?" என்று கேட்டிருந்தார்கள், சாட்பாட்டிடம், அதுவும் ஒவ்வொரு முறையும் "அப்படியா?" என்று சொல்லியிருந்தது. மற்ற வேலைகளை ஒதுக்கி வைத்துவிட்டு அவள் அன்று எழுதிய விதி, "இன்னும் இல்லை, நீங்கள் சாப்பிட்டீர்களா?"